கிரகணத்தால் கெட்ட கண் வலிக்காது

கேள்வி: எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். 2027 ஆகஸ்ட் 2 சூரிய கிரகணத்தைப் பார்க்க இணையத்தில் கண்ணாடி வாங்கலாமா? 2019-இல் வாங்கியதே போதுமா? வெல்டிங் கண்ணாடி பரவாயில்லையா? என் மனைவிக்குக் கண்புரை அறுவை ஆகியிருக்கிறது; மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். 2019 கிரகணத்தின்போது என் பேரனுக்கு ஆறு வயது. நான்தான் அவனுக்கு எக்ஸ்ரே பிலிமைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறான். சில மாதங்களாகக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்கிறான். எக்ஸ்ரே பிலிம் விழித்திரையைப் பொசுக்கிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பதில்: கண்ணாடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பேரனின் பார்வை மங்கியதற்கு நீங்கள் கொடுத்த பிலிம் காரணமாக இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. சூரியனைப் பார்த்ததால் ஏற்படும் பாதிப்பு ஏழு ஆண்டுகள் காத்திருந்து வெளிப்படுவதில்லை. அன்று மாலையோ மறுநாள் காலையோ தெரிந்துவிடும். பார்வையின் நடுப்பகுதியைத்தான் அது தாக்கும் என்பதால் கரும்பலகை மட்டுமல்லாமல் கையில் உள்ள புத்தகமும் தெளிவாகத் தெரியாது. எட்டாம் வகுப்பில் தூரத்து எழுத்து மட்டும் மங்கத் தொடங்கினால், பெரும்பாலும் அது பவர் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் கிட்டப்பார்வை. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். தபால் அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் அந்தத் துளை வழியாகச் சுவர்க் காலண்டரைத் தூரத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்கண்ணுக்கு மங்கிய எழுத்து துளை வழியே தெளிந்தால் குறை பவரில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் இதோடு நின்றுவிடாமல், இந்த மாதமே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று பவர் பரிசோதனையும், சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த காணொளிக்கு அந்தப் பரிசோதனையே பதில் சொல்லும்.

இனி வரும் கிரகணத்தைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. அதனால் சூரியனை வெறுங்கண்ணால் பார்த்தவருக்குக் கண் சிவப்பதுமில்லை, எரிவதுமில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துப் படுக்கப் போவார். மறுநாள் காலையில் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தால் காதும் தலைமுடியும் தெரியும், மூக்கு இருக்கும் இடம் மட்டும் மங்கியிருக்கும். செய்தித்தாளில் ஒரு சொல்லைப் பார்த்தால் நடுவில் ஓர் எழுத்து விழுந்திருக்கும், சன்னல் கம்பி வளைந்து தெரியும், நிறங்கள் வெளிறித் தோன்றும். கவனிக்க வேண்டிய அடையாளம் இதுதான். கிரகணத்துக்கு மறுநாள் காலையில் வீட்டிலுள்ள குழந்தைகள் ஒவ்வொருவரையும், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால், மாதக் காலண்டரின் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண் கெட்டிருந்தால் மற்றொரு கண் அதை ஈடுகட்டி மறைத்துவிடும் என்பதால், இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு நன்றாகத் தெரிகிறது என்று சொன்னால் அது கணக்கில் சேராது. கட்டம் வளைந்தாலோ நடுவில் ஒரு தேதி காணாமல் போனாலோ அன்றே விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும்.

போகும் வழியில் மெடிக்கல் கடையில் நின்று சொட்டு மருந்து கேட்காதீர்கள். இந்தப் பாதிப்பைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எதுவும் கிடையாது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது ஸ்டீராய்டாக இருந்து, அதை வாரக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால், கண் அழுத்தமும் கண்புரையும் கூடுதலாக வந்து சேரும். பன்னீர், தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றையும் கண்ணில் விடக்கூடாது. கண்ணுக்குள் கிருமியைக் கொண்டுபோவதைத் தவிர அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மருந்தே இல்லாதபோது மருத்துவரிடம் எதற்குப் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இதே அறிகுறியோடு வருகிற, சிகிச்சை தேவைப்படும் வேறு விழித்திரை நோய்களும் இருக்கின்றன, விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் எது என்று தெரியும். சூரியனால் வந்த பாதிப்பு என்றால் பலருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பார்வை திரும்புகிறது. சிலருக்கு அந்த நடுப்புள்ளி வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது.

இப்போது கண்ணாடி. சூரியனை நேராகப் பார்ப்பதற்கான வடிகட்டிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. அதன்படி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சத்தில் சுமார் 3 பங்குக்கு மேல் கண்ணாடியைக் கடந்து வரக்கூடாது. வழக்கமான கூலிங் கிளாஸ் லட்சத்தில் பத்தாயிரம் பங்குக்கு மேல் விடுகிறது. ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டாலும் பாதுகாப்பு வராது. ஆனால் இந்த எண்ணை அட்டையில் அச்சடிக்க எவருக்கும் முடியும் என்பதால், எண்ணை மட்டும் நம்பி இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்காதீர்கள். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்திலோ தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்களிடமோ எங்கே வாங்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வாங்கியபின் வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். சுவர், மேசை, ஆட்கள் எதுவும் தெரியக்கூடாது. எரியும் விளக்குகூட மிக மங்கலாகத் தெரியலாம், அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் தெரிந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். இந்தச் சோதனை போலியை விலக்க உதவுமே தவிர, தேறிய கண்ணாடி நல்லது என்று சான்று தராது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது எவ்வளவு தடுக்கிறது என்று வீட்டில் அளக்க முடியாது.

2019-இல் வாங்கியதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கீறலோ ஊசிமுனை அளவு ஓட்டையோ மடிப்போ இருந்தால், படலம் அட்டையிலிருந்து விலகியிருந்தால், கத்தரித்துப் போட்டுவிடுங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில் ஏழெட்டு ஆண்டுகள் பீரோவில் கிடந்த அட்டையை நம்புவதைவிடப் புதிதாக வாங்குவதையே நான் சொல்வேன். வெல்டிங் கண்ணாடி என்றால் 14 என்ற எண் பொறித்ததாக இருக்க வேண்டும். பட்டறைகளில் வழக்கமாகப் புழங்குவது 10, 11, அது போதாது. எக்ஸ்ரே பிலிமின் கருமை ஒரே சீராக இருப்பதில்லை, எலும்பு விழுந்த இடம் வெளிறியிருக்கும். பார்க்கக் கூசவில்லை என்பதால் குழந்தை நிமிடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

பவர் கண்ணாடி அணிபவர்கள் அதன் மேலேயே கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளலாம். குனிந்து அணிந்த பிறகு நிமிர வேண்டும். சில விநாடி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்ட பிறகே கழற்ற வேண்டும். சிறுவர்களின் முகத்தில் அட்டைக் கண்ணாடி நழுவும், ஆகவே பின்பக்கம் நூல் கட்டி, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். குவிந்து வரும் ஒளியின் முன்னால் அந்தப் படலம் நிற்காது.

அன்று ஆடி அமாவாசை. காவிரிப் படித்துறைகளிலும் பூம்புகார், வேதாரண்யம் கடற்கரைகளிலும் கூட்டம் நிற்கும் நாளில், சூரியன் மேற்கே சாயும் நேரத்தில் கிரகணம் வருகிறது. தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாணிக் கரைசலோ வைத்து அதில் விழும் பிம்பத்தைப் பார்ப்பது நம் வீடுகளில் பழக்கம். அதில் தெரிவது நீரின் மேற்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி. உள்ளே எதைக் கரைத்தாலும் அது குறையாது. உச்சிச் சூரியனிலேயே லட்சத்தில் 2,000 பங்கு, அதாவது நான் மேலே சொன்ன அளவைப்போல் அறுநூறு மடங்குக்கு மேல், கண்ணை வந்தடையும். சூரியன் சாயச் சாய இன்னும் கூடும். ஆற்று நீரில் தெரியும் பிம்பத்துக்கும் இதே கணக்குதான். மாலைச் சூரியன் இதமாக இருக்கிறதே என்று நிமிர்ந்து பார்ப்பதும் வேண்டாம்.

முழு மறைவின்போது வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்று இணையத்தில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அது அன்று 6 நிமிடங்களுக்கு மேல் சூரியன் முழுதாக மறையும் எகிப்தின் லக்சர் பக்கத்துக்காரர்களுக்கு எழுதியது. டெல்டாவில் தெரியப்போவது பகுதி கிரகணம். நமக்குக் கண்ணாடியைக் கழற்றத்தக்க ஒரு விநாடியும் அதில் கிடையாது.

கண்ணாடி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பேரனுக்காகத் துளை போட்ட அதே அட்டையைச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பிடித்து, ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்தால், கடிபட்ட சூரியன் தாளில் தெரியும். துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, தாளை மட்டும்தான் பார்க்க வேண்டும். கீற்றுக் கொட்டகை இருந்தால் அட்டைகூடத் தேவையில்லை; ஓலை இடுக்குகளின் வழியே விழும் ஒளிவட்டங்கள் எல்லாம் தரையில் பிறையாக மாறியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

மனைவிக்கு வைத்த செயற்கை லென்ஸ் கிரகணக் கண்ணாடிக்கு மாற்றல்ல. எல்லோருக்கும் உள்ள விதியே அவருக்கும். கிரகணத்தால் மருமகளின் கருவுக்கு எந்தத் தீங்கும் இல்லை. இருட்டறையில் பட்டினியாக உட்கார வைப்பதும் தண்ணீர் கொடுக்காமல் இருப்பதும்தான் கர்ப்பிணிக்குக் கெடுதல். அன்று அவள் நேரத்துக்குச் சாப்பிடட்டும், வேண்டியபோது தண்ணீர் குடிக்கட்டும். வீட்டில் யாராவது சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், கிரகணம் விடட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட விடாதீர்கள்.