கிரிமுவார் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மேற்கத்திய மந்திரச் சடங்கு நூல்களான கிரிமுவார்கள்மீது ஆர்வம். ஆவிகளை அழைக்கும் 'கோயீஷியா' என்ற நூலை வாங்கினேன், பத்துப் பக்கம் தாண்டவில்லை. முதலில் எதைப் படிப்பது?
– வாசகர், கோவை

பதில்: அதை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். கிரிமுவார் என்பது விஷயம் தெரிந்தவர் தமக்காக எழுதி வைத்த குறிப்பு; அடிப்படையை விளக்காது. ஓவன் டேவிஸின் 'கிரிமுவார்ஸ்' (2009) வரலாற்று நூல், அதில் தொடங்குங்கள். அடுத்து, ஜெர்மன் அறிஞர் அக்ரிப்பா மறைஞானம் பற்றி எழுதி 1533-ல் முழுமையாக வெளியிட்ட மூன்று நூல்கள். எந்தக் கோளுக்கு எந்த உலோகம், எந்த மூலிகை, எந்த எண் என்ற அடித்தளம் அங்கேதான் கிடைக்கும். மூன்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கோள் பொருத்தங்கள் மனதில் பதியும்வரை முதல் நூலிலேயே இருங்கள்.

பிறகு கோயீஷியாவுக்கு வரலாம். 1904 பதிப்பில் இருப்பது லெமெகெட்டன் என்ற பழைய மந்திரத் தொகுப்பின் ஐந்து பகுதிகளில் முதலாவது மட்டும். ஜோசப் பீட்டர்சனின் 2001 பதிப்பில் ஐந்தும் சுவடிப் பாடபேதங்களோடு உள்ளன. மருத்துவர் யோகான் வாயர் 1577-ல் அச்சிட்ட ஆவிகள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோயீஷியாவில் 72 ஆவிகள், வாயரிடம் 69. ஆவிகளுக்குரிய சின்னமான முத்திரை ஒன்றுகூட அவரிடம் இல்லை. இந்த நூல்கள் கைமாறி வளர்ந்தவை என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் பழைய பிரதிகள் போதாதா?
– வாசகர், திருச்சி

பதில்: சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கோளுக்கு ஒன்றாக அக்ரிப்பா தரும் எண் சதுரங்களில் சனியுடையது: 4 9 2, 3 5 7, 8 1 6. நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 15. வியாழனுக்கு 34, செவ்வாய்க்கு 65, சூரியனுக்கு 111. ஒரு வரிசை உதைத்தாலும் அந்தப் பிரதியின் மற்ற அட்டவணைகளையும் நம்ப வேண்டாம். அக்ரிப்பாவின் 1651 ஆங்கில மொழிபெயர்ப்பின் பிழைகள் பலவற்றை டொனால்ட் டைசன் 1993 பதிப்பில் திருத்தியிருக்கிறார்.

ஆபிரமெலின் என்ற நீண்ட சடங்கு நூலில் சிக்கல் இன்னும் பெரிது. மாதர்ஸ் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிரெஞ்சுச் சுவடி சடங்குக்கு ஆறு மாதம் என்கிறது. ஜெர்மன் சுவடிகளில் பதினெட்டு மாதம். சடங்கில் பூசும் தைலத்துக்கு மாதர்ஸ் தரும் அளவு: வெள்ளைப்போளம் 1 பங்கு, லவங்கப்பட்டை 2, அரத்தை அரைப் பங்கு, மொத்த எடையில் பாதி ஆலிவ் எண்ணெய். ஜெர்மன் பாடத்தில் அரத்தை இருக்கும் இடத்தில் வசம்பு. அதுவே சரி, இந்தத் தைலத்துக்கு மூலமான யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் தமிழ் வேதாகமமும் 'சுகந்த வசம்பு' என்றே சொல்கிறது. பட்டைக்குப் பதில் கடையில் விற்கும் செறிந்த பட்டைத் தைலத்தை அதே அளவில் ஊற்றினால் தோல் வெந்துவிடும்.

கேள்வி: இந்த நூல்கள் சொல்லும் கோள் நேரம் என்பது நம் ஹோரைதானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வரிசை அதேதான். ஞாயிறு உதயத்தில் சூரியன், பின் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். ஆனால் நேரத்தை 60 நிமிடம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள நிமிடங்களை 12-ஆல் வகுங்கள்; இரவையும் அப்படியே. லண்டனில் ஜூன் பகல் ஹோரை சுமார் 83 நிமிடம், டிசம்பரில் 39. நம் ஊரில் எப்போதும் அறுபதை ஒட்டியே வருவதால் இந்தப் பிசகு நம்மவர் கண்ணில் படுவதில்லை.