எந்தப் படி, சார்வாள்?

கேள்வி: பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளில் இந்தியா படிப்படியாக முன்னேறி வருவதாக டெல்லியில் சொல்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: முன்னேற்றம் கிடக்கட்டும் சார்வாள். ‘படிப்படியாக’ என்றீர்களே, அது எந்தப் படி?

நெல்லை குறுக்குத்துறைப் படித்துறை என்றால், தாமிரபரணியில் வெள்ளம் வந்ததும் படி மொத்தமும் முங்கிவிடும். அங்கே ஆற்றுக்குள் கோயில் கொண்ட முருகனே மேலக்கோயிலுக்குக் குடிபோய்விடுவார். அகவிலைப்படி என்றால் மறுபேச்சில்லை. கொரோனாவில் 18 மாதம் நின்றது போக, மத்திய அரசு ஊழியருக்கு ஜனவரிக்கு ஒரு கணக்கு, ஜூலைக்கு ஒரு கணக்கு. அதே சமாச்சாரம் முக்கூடலில் பீடி சுற்றுகிற அக்காவிடம் வரும்போது பெயர் பஞ்சப்படி. வருடத்துக்கு ஒரு தடவை, ஏப்ரலில். விலை ஏறினால் ஆபீஸில் அது அகவிலை, திண்ணையில் பஞ்சம். பெயர் வைத்தவர் விவரமானவர்.

அளக்கிற படியைச் சொல்கிறீர்களோ? 2 ஆழாக்கு 1 உழக்கு, 4 உழக்கு 1 படி. அதற்கு மேலே மரக்கால், கோட்டை என்று போனால் நம் வாசகர்களுக்குள் அடிதடி வரும் என்பதால் படியோடு நிறுத்துகிறேன். படியில் ஏமாற்ற மூன்று வழி. அடியில் ஒடுக்கு விழுந்த படியை வைத்துக்கொள்வது. பிடிக்கிற சாக்கில் கட்டைவிரலை உள்ளே விடுவது. கொடுக்கும்போது மெல்லச் சரித்துப் பொலபொலவென்று நிரப்பி, வாங்கும்போது உயரத்திலிருந்து கொட்டிக் குலுக்கி இறுக்குவது. இது போக, தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்ற வழக்கு தனி.

உங்கள் கேள்விக்கு இங்கேதான் வழி. நீங்கள் சொல்லும் உரிமைகளுக்கென்றே ஓர் ஐ.நா. உடன்படிக்கை உண்டு; அது 1966-ல் நிறைவேறி 1976-ல் அமலுக்கு வந்தது. இந்தியா சேர்ந்தது 1979 ஏப்ரல் 10. அதன் 2-ஆம் பிரிவில் ‘படிப்படியாக’ இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அதே வாக்கியத்தில், கைவசம் உள்ள வளத்தை உச்ச அளவுக்குப் பயன்படுத்தி என்றும் இருக்கிறது. அதாவது கோபுரமாக அளக்கச் சொல்கிறது. நம்மவர்கள் ‘படிப்படியாக’ என்பதை மட்டும் படித்துவிட்டுத் தலைதட்டிவிடுகிறார்கள். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1990-லேயே விளக்கம் சொல்லிவிட்டது: பசிக்குச் சோறு, அடிப்படை மருத்துவம், தலைக்குக் கூரை, ஆரம்பக் கல்வி என்ற அடிமட்டத்துக்கு ஒரு நாடு ‘பணமில்லை’ என்றால், இருக்கிற பணத்தையெல்லாம் முதலில் அதற்கே செலவழிக்கப் பாடுபட்டதாகக் காட்டியாக வேண்டும்.

அந்தக் குழுவுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். இந்தியா 2006-ல் என்ன செய்தது தெரியுமா? இரண்டு முதல் ஐந்து வரை நான்கு அறிக்கையை ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்தது. லீவு முடிகிற அன்றைக்கு மொத்த வீட்டுப்பாடத்தையும் ஒரே ராத்திரியில் எழுதி வரும் பையனைப் பார்த்தவர் நீங்கள்; உங்களுக்கு விளக்க வேண்டாம்.

சோற்றில் முன்னேற்றம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முன்னுரிமைக் கார்டில் தலைக்கு 5 கிலோ, பரம ஏழைகளுக்கான அந்த்யோதயா கார்டுக்கு 35 கிலோ என்பது சட்டப்படி கேட்டு வாங்கும் பாத்தியதை. வேலையில்? பீடித் தொழிலாளர் சட்டமும் அதே 1966-ல் வந்ததுதான். இன்றைக்கும் ஆயிரம் பீடிக்கென்று தரும் இலையில் ஓட்டையும் கிழிசலும் போக மிஞ்சுவது ஆயிரத்துக்குக் காணாது. குறைகிற இலையை அக்கா கைக்காசு போட்டு வாங்க வேண்டும். சுற்றிக் கொண்டுபோனால் தலை மடிப்புச் சரியில்லை, நூல் தளர்வு என்று கழிவு. தினம் சுற்றுகிற ஆயிரத்தில் ஐம்பது கழித்தால், இருபது நாளில் ஒரு முழு ஆயிரத்தின் கூலி போயிற்று. படிக்குள் கட்டைவிரல் என்றேனே, அது இதுதான்.

கட்டைவிரல் என்றதும் இன்னொன்று. வருடக்கணக்கில் பீடி சுற்றியவர்களுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்து ரேகை அழிந்திருக்கும். ரேஷன் கடை மெஷினில் ‘ரேகை விழலை’. அதற்காக அந்த விரலையே ஒன்பது தடவை அழுத்தக் கூடாது. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. புகையிலைத் தூள் போகக் கையைக் கழுவி, ஈரத்துணியில் ஒற்றிவிட்டு, மோதிர விரலை வைக்கலாம். அதிகம் தேயாத விரல் அது. அதுவும் விழாவிட்டால் கருவிழி, இல்லையென்றால் போனுக்கு வரும் ஓ.டி.பி. இருக்கிறது. எடை போடும்முன் தராசில் பூஜ்யம் தெரிகிறதா, வாளியின் எடை கழிந்ததா என்றும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். எதற்கும் மசியாமல் வெறுங்கையோடு அனுப்பினால் 1967-க்கு போன் போடலாம். சட்டத்தில் மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவரும் இருக்கிறார். அரிசி கொடுக்க முடியவில்லை என்றால் அதற்குப் பதில் பணம் தர வேண்டும் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பணத்துக்கும் சட்டம் வைத்திருக்கிற பெயர் படிதான்: உணவுப் பாதுகாப்புப் படி.

கோட்டைக்கு எத்தனை மரக்கால் என்று மல்லுக்கு நிற்கும் களக்காடு, சேரன்மகாதேவி வாசகர்களுக்கு: இந்த வாரமும் இடமில்லை.