ரிக்ரெட், சாரி, அப்பாலஜைஸ்: எதை எங்கே எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சாயப்பட்டறையில் ஏற்பட்ட தாமதத்தால் லண்டன் வாடிக்கையாளரின் சரக்கு பத்து நாள் பிந்திவிட்டது. 'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் ரிக்ரெட்டட்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். மிகவும் கறாரான பதில் வந்தது. 'சாரி' என்று எழுதியிருக்க வேண்டுமா, 'அப்பாலஜைஸ்' என்றா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதை அது சொல்லவே இல்லை. ரயில் நிலைய ஒலிபெருக்கியில் நாம் கேட்டுப் பழகிய அந்தத் தொடர், முகமறியாத பயணிகள் அனைவருக்கும் பொதுவாக அறிவிக்கும்போது பொருந்தும். பெயர் சொல்லிக் கடிதம் எழுதும் அளவுக்குப் பழகிய ஒரு வாடிக்கையாளரிடம், அதுவும் தவறு நம் பக்கம் இருக்கையில், அதையே எழுதினால் நாம் தட்டிக்கழிப்பதாகத்தான் அவருக்குப் படும்.

வருத்தம் தெரிவிப்பதற்கும் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு ஒரு நாட்டின் அரசியலையே பல ஆண்டுகள் உலுக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் குறித்து 1999 ஆகஸ்டில் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், 'டீப் அண்ட் சின்சியர் ரிக்ரெட்' என்பதோடு நின்றுகொண்டது. முந்தைய தலைமுறைகளின் செயலுக்கு இன்றைய தலைமுறை பொறுப்பேற்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. ஆகவே 'சாரி' என்ற சொல்லை அரசின் சார்பில் சொல்ல அவர் கடைசிவரை இசையவில்லை. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளை முன்னிட்டு, 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் அதே அவையில் 'வி அப்பாலஜைஸ்' என்றும் 'வி சே சாரி' என்றும் இரண்டையுமே சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கண்ணீர் விட்டார்கள். 'ரிக்ரெட்' வருத்தத்தைத் தெரிவிக்கும்; பொறுப்பை ஏற்காது.

'சாரி' நெருக்கமான சொல். துக்கம் விசாரிக்கவும் அதுவே பயன்படும். தந்தையை இழந்த நண்பரிடம் 'ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்' என்பது முறை. அங்கே 'அப்பாலஜைஸ்' என்றால் அந்த மரணத்துக்கு நாமே காரணம் என்றாகிவிடும். 'அப்பாலஜைஸ்' என்பது தவறு எங்களுடையது என்று முறைப்படி ஒப்புக்கொள்வது. வணிகக் கடிதத்தில் உங்களுக்கு வேண்டியது இதுதான். யாரிடம் என்பதற்கு முன் 'டு', எதற்காக என்பதற்கு முன் 'ஃபார்' வர வேண்டும். நம் அலுவலகங்களில் அடிக்கடி காணப்படும் 'ஐ அப்பாலஜி' என்பது பிழை. 'எக்ஸ்க்யூஸ் மி' என்பது பெரும்பாலும் ஒருவரை இடைமறிப்பதற்கு முன் சொல்வது. பத்து நாள் தாமதத்துக்கு அது போதாது.

எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், அதன் பின்னால் 'இஃப்', 'பட்' இரண்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'சாரி இஃப் யூ வேர் இன்கன்வீனியன்ஸ்டு' என்றால், அவருக்குச் சிரமம் ஏற்பட்டதா என்றே நீங்கள் ஐயப்படுவதாகிறது. சாயப்பட்டறையைக் காரணம் காட்டலாம். ஆனால் மன்னிப்புக்குப் பிறகு, ஒரே வரியில். அவர் ஆர்டர் கொடுத்தது உங்களிடம், பட்டறைக்காரரிடம் அல்ல.

கறாராக எழுதியவருக்கு இன்றே இப்படிப் பதில் அனுப்புங்கள்: 'வி அப்பாலஜைஸ் ஃபார் தி டென்-டே டிலே இன் யுவர் ஆர்டர். தி ஃபேப்ரிக் கேம் லேட் ஃப்ரம் டையிங், அண்ட் வி ஷுட் ஹேவ் டோல்டு யூ சூனர். தி கார்ட்டன்ஸ் வில் லீவ் தூத்துக்குடி ஆன் ஃப்ரைடே.' முதல் வாக்கியம் பொறுப்பை ஏற்கிறது. இரண்டாவது, முன்கூட்டியே தெரிவிக்காத குறையையும் ஒப்புக்கொள்கிறது. உண்மையில் அவருடைய கோபத்துக்குத் தாமதத்தைவிட அந்த மௌனமே காரணமாக இருக்கலாம். மூன்றாவதில் உங்களால் நிச்சயமாகக் காப்பாற்ற முடிந்த கிழமையை மட்டும் எழுதுங்கள். தேதி உறுதியாகவில்லை என்றால், எந்த நாளில் உறுதிப்படுத்துவீர்கள் என்று சொல்லுங்கள்.

எழுத்துக்கூட்டலில் ஒரு சிறு கவனம்: அமெரிக்க வழக்கில் 'அப்பாலஜைஸ்' என்ற சொல்லின் கடைசிக்கு முந்தைய எழுத்து இசட், பிரிட்டனில் பெரும்பாலும் எஸ். உங்கள் வாடிக்கையாளர் லண்டன்காரர் என்பதால் எஸ் போட்டே எழுதுங்கள்.