படம் ஏன் கறுப்பாகிறது? டிஆர்எம் பற்றிய கேள்வி பதில்

கே: லேப்டாப் திரையில் படம் ஓடுகிறது. பழைய மானிட்டரை மாட்டினால் கறுப்பாகிவிடுகிறது, சத்தம் மட்டும் வருகிறது. கேபிள் மாற்றியும் பயனில்லை.

ப: கேபிளைத் திட்டாதீர்கள். டிஆர்எம் என்பது நகலெடுப்பதைத் தடுக்கப் படம், பாட்டு, புத்தகம் போன்றவற்றுக்குப் போடும் டிஜிட்டல் பூட்டு. படத்தின் பூட்டைத் திறந்த பிறகும், அது திரைக்குப் போகும் வழியில் ஹெச்டிசிபி என்று இன்னொரு காவல் உண்டு. கிராபிக்ஸ் கார்டு மானிட்டரிடம் அடையாளம் கேட்கும். சரியான பதில் வராவிட்டால் படம் நின்றுவிடும் அல்லது தரம் குறையும். நடுவில் ஸ்பிளிட்டர் (ஒரு இணைப்பைப் பல திரைக்குப் பிரிப்பது), பழைய டாக் (லேப்டாப்பில் கூடுதல் இணைப்புகள் தரும் பெட்டி) எதுவும் இருந்தால் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். விஜிஏ என்ற பழைய அனலாக் இணைப்பு வழியில் இந்தக் காவலுக்கு இடமே கிடையாது. மானிட்டர் வாங்கும் முன் ஹெச்டிசிபி எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 4கே படத்துக்குப் பொதுவாக 2.2 கேட்பார்கள்.

கே: ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படம் இருக்கும் இடம் மட்டும் கறுப்பு. வைரஸா?

ப: இல்லை. அந்தக் காட்சியை ஸ்கிரீன்ஷாட் கருவியின் கையில் சிஸ்டமே கொடுக்காது.

கே: லினக்ஸில் அதே சந்தா, ஆனால் படம் மங்கல்.

ப: பிரவுசரில் இருக்கும் வைட்வைன் என்ற கூகுளின் டிஆர்எம் பூட்டு அங்கே பெரும்பாலும் எல்3 நிலையில், வெறும் மென்பொருளாக ஓடுகிறது. வன்பொருள் பாதுகாப்பு உள்ள எல்1 இருந்தால்தான் பல தளங்கள் உயர்தரம் தரும். சந்தாவில் மட்டும் தள்ளுபடி கிடையாது!

கே: டிவியில் மாட்டினால் கறுப்பு...

ப: முதல் பதில். ஹெச்டிசிபி பதிப்பையும் பாருங்கள்.

கே: திருடர்களைத் தடுக்கத்தானே பூட்டு? காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு என்ன நஷ்டம்?

ப: வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். 2007-ல் விண்டோஸ் விஸ்டா இந்தக் காவலை சிஸ்டத்தின் உள்ளேயே கட்டியது. 2010-ல் ஹெச்டிசிபியின் மூலச் சாவி இணையத்தில் வெளியாகி, அது உண்மைதான் என்று இன்டெலே ஒப்புக்கொண்டது. காசு கொடுத்தவர் வீட்டில் பூட்டு அப்படியே இருக்கிறது. அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே வட்டைக் கணினியில் பார்க்க இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் வசதி (சிப்புக்குள் ரகசியங்களைத் தனியாகக் காப்பது) தேவைப்பட்டது. 11-ஆம் தலைமுறை கோர் டெஸ்க்டாப் சிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். வட்டும் டிரைவும் சொந்தமாக வைத்திருந்து, புதுக் கணினி வாங்கியவருக்குப் படம் போச்சு.

கே: (அதே நண்பர்) அது ஒரு சிப்பின் கதை. விதிவிலக்கு.

ப: 2005-ல் சோனி பிஎம்ஜி விற்ற சில பாட்டு சிடிகளைக் கணினியில் போட்டால், சொல்லாமல் ஒரு ரூட்கிட் (சிஸ்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும் மென்பொருள்) ஏறிக்கொண்டது. ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்துவிடும். வைரஸ் எழுதியவர்களும் அதே மறைவிடத்தில் குடியேறினார்கள். 2019-ல் மைக்ரோசாஃப்ட் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்களும் போயின. காசைத் திருப்பித் தந்தார்கள், சரி. எத்தனை விதிவிலக்கு வேண்டும் உங்களுக்கு?

கே: கணினியில் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்தான் இதற்கெல்லாம் காரணமா?

ப: இல்லை. விண்டோஸ் 11 அதைக் கேட்பது டிஸ்க் பூட்டின் சாவி, பூட் சரிபார்ப்பு போன்றவற்றுக்கு. உங்கள் கறுப்புத் திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கே: பூட்டை உடைக்கும் மென்பொருள் ஒன்று சொல்லுங்களேன்.

ப: மாட்டேன். பல நாடுகளில் சட்டச் சிக்கல். அந்தப் பெயரில் கிடைப்பதில் மால்வேரும் உண்டு.

கே: பூட்டில்லாமல் எதை வாங்கலாம்?

ப: பாட்டு எளிது, ஐடியூன்ஸே 2009-ல் பூட்டை எடுத்துவிட்டது. கணினி விளையாட்டுக்கு, பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜி இணையக் கடை. பெரிய ஸ்டூடியோ படங்களுக்கு அநேகமாக வழியில்லை.