பாலை நிறுத்துங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்

கேள்வி: மேடவாக்கம் பக்கம் ஓர் அபார்ட்மென்டில் தரைத்தளத்தில் இருக்கிறோம். நாலு மாதம் முன்பு மூன்று நிறம் கலந்த ஒரு பூனை பசியோடு வந்து நின்றது. பாலும் தயிர்சாதமும் வைத்தேன். இப்போது மாடிப்படிக்கு அடியில் மூன்று குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு ஆறு வாரம் இருக்கும். இரண்டுக்கு வயிற்றுப்போக்கு, ஒன்றுக்குக் கண் பீளை கட்டி ஒட்டிக்கொள்கிறது. ராத்திரியில் இரண்டு கடுவன்கள் வந்து குழந்தை அழுவதுபோல் கத்துகின்றன. பூந்தொட்டியில் அசிங்கம் செய்வதாக மேல்வீட்டில் சண்டை. சாப்பாடு வைக்கக் கூடாது, மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று அசோசியேஷனில் சொல்கிறார்கள். பூனை முடியால் ஆஸ்துமா வரும் என்று மாமியாருக்குப் பயம். தாய்ப்பூனை காலைச் சுற்றிச் சுற்றி வரும், ஆனால் தொட விடாது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, பசித்து வந்த உயிருக்கு வீட்டில் இருந்ததை எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. வைத்த பொருளைத்தான் மாற்ற வேண்டும், இன்றைக்கே.

பூனை என்றால் பால் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. தாய்ப்பால் குடிக்கும் வயதில் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பூனைக்கு உண்டு. வளர வளர அது குறைந்துபோகிறது. அதற்கப்புறம் பசும்பால் வயிற்றுக்குள் போனால் பேதிதான். விரும்பிக் குடிக்கிறதே என்பீர்கள். விரும்பும், ஆனால் ஒத்துக்கொள்ளாது. குட்டிகளின் வயிற்றுப்போக்குக்குப் பாதிக் காரணம் அந்தப் பாலாகவே இருக்கலாம். மீதிப் பாதி குடல்புழு. தாயின் பால் வழியாகவே புழு குட்டிக்கு வந்துவிடும். அதனால் பாலை நிறுத்துவதோடு பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும். அதைக் குட்டியின் எடை பார்த்து டாக்டர் அளந்து தரவேண்டும், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

தயிர்சாதமும் பூனைக்கு உணவாகாது. நாய் நம்மோடு சோறு தின்று பழகிவிட்டது. பூனையின் உடம்பு இறைச்சியை நம்பியே இருக்கிறது. டாரின் என்று ஒரு சத்து. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனையால் போதுமான அளவு செய்ய முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அரிசியிலும் பருப்பிலும் இல்லை. மாதக்கணக்கில் கிடைக்காவிட்டால் பார்வை போகும், இதயம் வீங்கிப் பலவீனமாகும்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கோழிக்கடையில் கழுத்து, இதயம், கால் என்று கேட்டால் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பை நீக்கிவிட்டு, பிய்த்துப் போடுங்கள். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றாதீர்கள். டாரின் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும், அதையும் சேர்த்தே பிசையுங்கள். கொஞ்சம் சோறு கலக்கலாம், நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கோழி இதயத்தில் டாரின் நிறைய இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். ஈரல் வாரம் ஒருநாள் போதும், அளவு மீறினால் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும். மத்தி, நெத்திலி போன்றவற்றையும் வேகவைத்தே கொடுங்கள். பச்சை மீன் சிலவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. மீனை மட்டுமே தினமும் போடுவதும் சரியல்ல.

வீட்டுச் சமையலோடு பூனைக்கென்று விற்கும் உலர் தீவனத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள், விட்டுப்போகும் சத்துகளை அது ஈடுசெய்யும். நம் தெருப் பூனைகள் பெரும்பாலும் 3 கிலோ சுற்றித்தான் இருக்கும். உலர் தீவனம் மட்டும் என்றால் ஒரு பூனைக்கு நாளைக்கு 40 முதல் 50 கிராம். வெந்த கறி என்றால் 100 முதல் 120 கிராம். பால் கொடுக்கும் தாய்க்கு இதுபோல் இரண்டு மடங்கு, சில நாள் மூன்று மடங்குகூட வேண்டும். குட்டிகள் இப்போதே மென்மையாகப் பிசைந்ததைத் தின்னும். நாளைக்கு நாலு வேளை, சின்னச் சின்னதாக.

மிஞ்சின குழம்பில் பிசைந்து வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வெந்தாலும் அந்தக் குணம் போகாது. மீன் குழம்பு ஊற்றிய சோறு நமக்கு அமிர்தம், அதற்கு விஷம்.

இதைவிடப் பெரிய விஷம் நம் மருந்து டப்பாவில் இருக்கிறது. சுருண்டு படுத்திருக்கிறதே, காய்ச்சலோ என்று ஒரு பையன் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் பூனையை என்னிடம் தூக்கி வந்தான். முகம் வீங்கி, ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு, 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும் கொல்ல. அந்தப் பையன் அன்பால் செய்தான் என்பதுதான் இன்றும் எனக்கு வலிக்கிறது. தயவுசெய்து உங்கள் மாடியில் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அப்படித்தான். மாடிப்படியைப் பினாயில் ஊற்றிக் கழுவினால், நன்றாக அலசி உலரும்வரை பூனைகள் அந்தப் பக்கம் வராமல் பாருங்கள். காலில் ஒட்டியதை நக்கியே பாதி விஷம் உள்ளே போகும்.

கண் ஒட்டும் குட்டியை நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் துடையுங்கள். வீட்டில் கிடக்கும் கண் சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்து, கண்ணில் புண்ணும் இருந்தால், பார்வையே போய்விடும். வயிற்றுப்போக்குள்ள குட்டி அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், இந்த வயதில் மிகச் சீக்கிரம் துவண்டுவிடும். அட்டைப்பெட்டியில் துணி விரித்து மூன்றையும் ஒன்றாகவே கொண்டுபோங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். தாய் தேடுமே என்று தயங்காதீர்கள். சில மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டால் ஏற்றுக்கொள்ளும். பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாறும் என்பார்கள். உங்கள் வீட்டுக் குட்டிகள் ஒருநாள் திடீரென்று காணாமல் போனாலும் பதறாமல் அக்கம்பக்கத்தில் பாருங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. தெருப்பூனைக்கு ஒருநாள் சாப்பாடு வைத்தால் அது தர்மம். தினமும் வைத்தால் அதன் கருத்தடைக்கும் நீங்களே பொறுப்பு. கணக்கைப் பாருங்கள். பூனையின் கர்ப்பம் ஒன்பது வாரம்தான். இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். அந்த இரண்டு கடுவன்களும் ராத்திரியில் வந்து கத்துவதே அதற்குத்தான். இந்தக் குட்டிகளில் பெண் இருந்தால் நாலைந்து மாதத்தில் அதுவும் தயார். நல்ல சாப்பாடு போட்டு, ஆபரேஷனும் செய்யாவிட்டால், அடுத்த வருஷம் அந்தப் படிக்கட்டின் கீழ் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறக்கும் குட்டிகளில் பல கார் சக்கரத்திலும் நோயிலும் போய்விடும். அதை ஒவ்வொன்றாகப் பார்க்கும் வேதனை உங்களுக்குத்தான்.

அதற்காகச் சாப்பாட்டை நிறுத்துவது பதில் ஆகாது. நிறுத்தினால் தாய் போய்விடாது, குப்பைத்தொட்டியைக் கிளறும். தவிர, தொட விடாத பூனையை ஆபரேஷனுக்குப் பிடிக்க உங்கள் கையிலிருக்கும் ஒரே வழி அந்தச் சாப்பாட்டு நேரம்தான். தினமும் காலையும் மாலையும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே குரலில் கூப்பிட்டு வையுங்கள். இரண்டு வாரத்தில் கடிகாரம் வைத்ததுபோல் வந்து நிற்கும். கொட்டாங்குச்சியோ தட்டோ, அரை மணி நேரத்தில் எடுத்துக் கழுவிவிடுங்கள். எறும்பு வராமலிருக்கத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே வையுங்கள். குடிதண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். இடம் வாசலோ மாடிப்படியோ வேண்டாம், கார்கள் திரும்பாத, குழந்தைகள் விளையாடாத பின்பக்க மூலை நல்லது.

தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் விலங்குநலச் சங்கங்களிடம் பொறிக்கூண்டு இருக்கும், கேட்டுப் பாருங்கள். ப்ளூ கிராஸ் போன்ற பழைய அமைப்புகளில் முன்பதிவு எப்படி என்று விசாரியுங்கள், அல்லது உங்கள் பகுதி கால்நடை டாக்டரிடம் தேதி வாங்குங்கள். குட்டிகள் தானாகச் சாப்பிடத் தொடங்கியபின், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள், தாய்க்கு ஆபரேஷன் செய்துவிடலாம். அதாவது உங்களுக்கு நேரம் இப்போதே வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பட்டினி போட டாக்டர் சொல்வார், அது பெரிய பூனைக்கு மட்டும். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும், இன்னொருவர் அதே பூனையைப் பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்காமலிருக்க அந்த அடையாளம்தான் உதவும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அன்றைக்கே போட்டுவிடலாம். ஓரிரு நாள் கூண்டிலோ குளியலறையிலோ வைத்திருந்து, பிடித்த அதே இடத்திலேயே விடுங்கள். அடுத்தது அந்த இரண்டு கடுவன்கள். ஆண்களுக்கு இன்னும் எளிது. செய்த சில வாரங்களில் ராத்திரிக் கத்தலும், சண்டையும், சுவரில் பீய்ச்சும் நாற்றமும் பெரிதும் குறையும்.

அசோசியேஷனிடம் சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள். எத்தனை பூனை, யாருக்கு எப்போது ஆபரேஷன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சண்டைக்கு வந்தவர்கள்கூடக் கூண்டு வாங்கப் பணம் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பூந்தொட்டிப் பிரச்சினைக்கு, பின்பக்கம் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பில் மணல் நிரப்பி வையுங்கள், மணல் கிடைத்தால் பூனை அதைத்தான் தேடும். தொட்டிகளில் மண்ணுக்கு மேலே கூழாங்கல் பரப்பச் சொல்லுங்கள். டப்பைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி, பூனை மலத்தோடு வந்தபின் தொற்றும் நிலைக்கு மாற ஒரு நாளாவது ஆகும், அதற்குள் அள்ளிவிட்டால் பயமில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

மீன் மார்க்கெட்டில் விடுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். குட்டிகள் தாயில்லாமல் சாகும், தாய் வழி தேடித் திரும்பும்போது சாலையில் சாகும், இங்கே காலியான இடத்துக்கு வேறு பூனை வரும். பட்டினியில் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2023இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில், குடியிருப்புகளில் சமூக விலங்குகளுக்கு, அதாவது உரிமையாளர் இல்லாமல் அங்கேயே வாழும் விலங்குகளுக்கு, உணவளிக்க இடம் ஒதுக்குவது பற்றி ஒரு பகுதியே உண்டு. பேச்சு முற்றினால் அதைக் காட்டுங்கள்.

உங்கள் ஊரை வைத்து இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், அது பசியால் மட்டும் வருவதில்லை. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு ஒவ்வொரு பூனையும் ஆபத்து. பூனைமேல் எனக்கு எவ்வளவு பிரியமோ, அந்தப் பறவைகள்மேலும் அவ்வளவு அக்கறை உண்டு. எண்ணிக்கை பெருகாமல் பார்த்துக்கொண்டால் இரண்டுக்கும் நல்லது.

மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: முடியை விழுங்கினால் ஆஸ்துமா வரும் என்பது சரியல்ல. பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம்தான் சிலருக்கு அலர்ஜி தரும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுத்திணறலைக் கூட்டலாம். பூனைகள் வெளியிலேயே இருக்க, நீங்கள் கை கழுவிவிட்டு உள்ளே போனால் போதும். அவருக்கு நிஜமாகவே இளைப்பு இருந்தால் பூனையை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

கடித்தாலோ பிராண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன் மீன்கடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கிக் கழுவி, பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை வெட்டி, செங்கல்மேல் உயர்த்தி வையுங்கள். உள்ளே சாக்கு விரியுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். மழைநாளில் பூனைகள் கார் என்ஜினுக்குள் ஏறிப் படுக்கும். வண்டி எடுக்குமுன் பானெட்டை இரண்டு தட்டு தட்டச் சொல்லி பார்க்கிங்கில் எழுதி ஒட்டுங்கள்.

கூண்டு கிடைத்தவுடன் பிடிக்க அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் அதன் கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டிவைத்து, உள்ளேயே சாப்பாடு போட்டுப் பழக்குங்கள். முதல் நாள் வாசலருகே, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி. முடிச்சை ஒவ்வொரு வேளையும் இழுத்துப் பாருங்கள். பழக்கும் நாளில் கதவு ஒருமுறை தவறி விழுந்துவிட்டால், அந்தத் தாய் மறுபடி அதற்குள் லேசில் கால் வைக்காது.