படுத்தவர் எழவில்லை: பிரேதப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 34 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. தக்காளித் தோட்டத்துக்குக் காவலுக்குப் போய்க் கொட்டகையில் தரையில் படுத்தவர், விடிகாலையில் இறந்து கிடந்திருக்கிறார். போலீஸார் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிந்தார்கள். அரசு மருத்துவமனையில் போஸ்ட்மார்ட்டம் நடந்தது. மூன்று மாதம் ஆகியும் அறிக்கையில் ‘இரசாயன ஆய்வு முடிவு வரும்வரை கருத்து நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்று மட்டுமே இருக்கிறது. “டிவியில் அமெரிக்க டாக்டர்கள் எப்பேர்ப்பட்ட மர்மச் சாவையும் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இங்கே மட்டும் ஏன் முடியவில்லை? எதையாவது மறைக்கிறார்களா? நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கிறார். கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: “ராத்திரி ரெண்டு மணிக்கு வயிறு வலிக்குதுன்னு பக்கத்துத் தோட்டக்காரரை எழுப்பி, ஓமத்தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் படுத்தானாம்.”

சகோதரி, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். பரிசோதனை செய்த மருத்துவருக்கு இந்தச் சேதி போய்ச் சேர்ந்ததா? அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்ல, அந்த டிவி நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவில் பல இடங்களில் ‘மெடிக்கல் எக்ஸாமினர்’ என்பவர் தனி அலுவலகமே வைத்திருக்கும் மருத்துவர். நியூயார்க் நகரத்தில் 1918-லேயே அப்படியொரு அலுவலகம் வந்துவிட்டது. அவருக்குக் கீழே புலனாய்வாளர்கள் இருப்பார்கள். இறந்த இடத்துக்குப் போவது, மாத்திரை டப்பாவை எடுத்துப் பார்ப்பது, கடைசியாகப் பேசியவரை விசாரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. கத்தியை எடுக்கும் முன்பே மருத்துவரின் கையில் முழுக் கதையும் இருக்கும். நிகழ்ச்சியில் இந்தப் பகுதி இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுவதால், உடலைத் திறந்ததும் பதில் கிடைத்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஆய்வக முடிவுக்கு அங்கேயும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். அதை யாரும் படம் பிடித்துக் காட்டுவதில்லை.

நம் நாட்டில் மும்பையில் 1999 வரை கொரோனர் என்ற தனி விசாரணை அதிகாரி இருந்தார். இப்போது எங்கும் இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவுப்படி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174) போலீஸ்தான் விசாரிக்கும். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிப்பார். மருத்துவர் பெரும்பாலும் சம்பவ இடத்தையே பார்ப்பதில்லை. உடலோடு வரும் காகிதத்தில் உள்ளதுதான் அவருக்குத் தெரியும். ‘தோட்டத்துக் கொட்டகையில் இறந்து கிடந்தார், காரணம் தெரியவில்லை’ என்று இரண்டு வரி இருந்தால், அந்த இரண்டு வரியை வைத்துத்தான் அவர் தேடுவார். ஓமத்தண்ணி கொடுத்தவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவரை யாரும் கேட்கவில்லை என்றால் அந்த வயிற்றுவலி காகிதத்தில் ஏறியிருக்காது.

சரி, அந்த வயிற்றுவலிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நடு இரவில் வயிறு வலித்து, விடிவதற்குள் ஒருவர் இறந்தால் நான் முதலில் மூன்று காரணங்களை நினைப்பேன்.

ஒன்று மாரடைப்பு. இதயத்தின் அடிப்பகுதியில் வரும் அடைப்பு பலருக்கு மேல்வயிற்று வலியாகத்தான் தெரியும். ‘கேஸ்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பார்கள். 34 வயதில் வருமா என்று கேட்காதீர்கள், நம்மவர்களுக்கு வருகிறது. அடைப்பு வந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உயிர் போய்விட்டால் இதயத் தசையில் வெறும் கண்ணுக்கு மாற்றமே தெரியாது. அது தெரிய ஏறக்குறைய அரை நாளாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும். அதனால்தான் இரத்தக் குழாய்களைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்து, இதயத் திசுவை அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு, நுண்ணோக்கியில் பார்க்க நோய்க்குறியியல் (பேத்தாலஜி) துறைக்கு அனுப்புவார்கள்.

இரண்டாவது பூச்சிமருந்து. இதைச் சொன்னாலே ஊர் தற்கொலை என்று முடிவு கட்டிவிடும், உங்களுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருக்கலாம். மருந்து உடலுக்குள் இருந்தது என்பதை ஆய்வகம் சொல்லும். அது எப்படிப் போனது என்பதை ஆய்வகத்தால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. முகமூடி, கையுறை இல்லாமல் மாலை முழுக்கத் தெளித்தவருக்குத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். அன்று உங்கள் தம்பி மருந்து அடித்தாரா, என்ன மருந்து, கை கழுவாமல் சாப்பிட்டாரா என்பதெல்லாம் விசாரணையில் வந்தாக வேண்டிய விவரங்கள். கொட்டகையில் காலி டப்பா இருந்தால் தூக்கி எறியாமல் போலீஸாரிடம் ஒப்படையுங்கள்.

மூன்றாவது கட்டுவிரியன். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காடு தோட்டங்களில் தரையில் படுப்பவர்களைப் பொறுத்தவரை இதை நினைக்காமல் இருக்கவே கூடாது. இது இரவில் நடமாடும் பாம்பு. தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் அவர் விழிக்கவே மாட்டார். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடம் மிக நுண்ணியது. ஓரிரு மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, தொண்டையில் ஏதோ அடைப்பது போன்ற உணர்வு. அப்புறம் இமை சொருகும், நாக்குக் குழறும், கடைசியில் மூச்சுவிடும் தசைகள் செயலிழந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். இறந்தபின் உடலைத் திறந்தாலும் ‘மூச்சுத் திணறி இறந்ததற்கான பொது அறிகுறிகள்’ என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காமல் போகலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உள்ளுறுப்புகளை அனுப்பி வழக்கமாகச் செய்யும் இரசாயன ஆய்வில் பாம்பு விஷம் தெரியாது. அது பூச்சிமருந்து, மது, தூக்க மாத்திரை போன்றவற்றைத் தேடும் ஆய்வு. பாம்பு விஷம் புரதம். அதைக் கண்டுபிடிக்க வேறு வகைச் சோதனை வேண்டும், அதை எல்லா வழக்கிலும் செய்வதில்லை. எனவே நாளைக்கு ‘விஷம் எதுவும் இல்லை’ என்று முடிவு வந்தால், பாம்புக்கடி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த நிலையில் மருத்துவருக்குத் துணையாக இருக்கப் போவது, தோலில் பல் தடத்தைக் கவனமாகத் தேடியதும், பக்கத்துத் தோட்டக்காரரின் வாக்குமூலமும்தான்.

‘கருத்து நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்ற வரி மூடி மறைப்பதற்காக எழுதுவது இல்லை. இரைப்பை, சிறுகுடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை உப்புக் கரைசலில் போட்டு, இரத்தத்தைத் தனியாக எடுத்து, முத்திரை வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள். முடிவு வராமல் காரணத்தை எழுதுவது தவறு, அதனால் மருத்துவர் காத்திருக்கிறார். ஆனால் வழக்குகள் தேங்குவது இதற்கு அடுத்த கட்டத்தில். ஆய்வக முடிவு வந்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. அதைப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் கொண்டுபோய் இறுதிக் கருத்து வாங்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் அந்தக் காகிதம் கோப்பில் அப்படியே கிடக்கும்.

ஆகவே, வழக்கின் குற்ற எண்ணைக் குறிப்பிட்டுக் காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். உள்ளுறுப்புகள் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டன, முடிவு வந்ததா, இதயத் திசு நோய்க்குறியியலுக்குப் போனதா, இறுதிக் கருத்து கேட்கப்பட்டதா என்ற நான்கு கேள்விகளும் அதில் இருக்கட்டும். பக்கத்துத் தோட்டக்காரரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்து மருத்துவருக்கு அனுப்பும்படியும் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் நகராவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம். எங்கே கொடுத்தாலும் மனு பெற்றதற்கான ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

தம்பியின் வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள். மே, ஜூன் வாக்கில் 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருந்தால் அது பிரதமர் காப்பீட்டுத் திட்டங்களுக்கான பிரீமியம். 20 ரூபாய்த் திட்டம் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தரும், பாம்புக்கடியும் அதில் விபத்துதான். 436 ரூபாய்த் திட்டம் மாரடைப்பானாலும் 2 லட்சம் தரும். ஏற்கெனவே மூன்று மாதம் போய்விட்டது, இறுதிக் கருத்துக்காகக் காத்திருக்காமல் வங்கியில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இறந்த நேரத்தை டிவியில் பத்து நிமிடக் கணக்கில் சொல்கிறார்களே என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. உடல் குளிர்வதையும் விறைப்பதையும் வைத்துச் சில மணி நேர இடைவெளியைத்தான் சொல்லலாம். நம் ஊர்க் கோடையில் உடல் குளிர்வதே குறைவு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் இப்படி ஒருவர் காரணம் தெரியாமல் இறந்தால், போலீஸ் வரும் முன் உடலைக் குளிப்பாட்டாதீர்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காதீர்கள், படுக்கையை உதறாதீர்கள். தளி, ஓசூர்ப் பக்கம் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு வைத்துத் தூங்கியிருந்தால் அந்த அடுப்பை அகற்றாதீர்கள், அதைப் பற்றிச் சொல்லவும் மறக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்று சந்தேகம் வந்தால்தான் அதற்கான இரத்தச் சோதனை நடக்கும். காட்டுப்பன்றிக்கு வைத்த மின்வேலியில் ஒருவர் சிக்கினால், பயந்துகொண்டு உடலை வேறு இடத்தில் போடுகிறார்கள். மின்சாரம் பாய்ந்த தடம் உள்ளங்காலில் சின்னப் புள்ளியாக இருக்கலாம், ஈரத்தோலில் தடமே இல்லாமலும் போகலாம். இடத்தை மாற்றினால் உண்மைக்கான ஒரே தடயமும் போய்விடும்.

‘அறுக்க வேண்டாம்’ என்று அழுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை நியாயமானது. மார்பிலிருந்து அடிவயிறு வரை ஒரு கீறல், தலையில் முடிக்குள் ஒரு கீறல். முடிந்ததும் தைத்துத் துணி சுற்றித் தருவார்கள். முகம் அப்படியே இருக்கும். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சகோதரி, உயிரோடு இருப்பவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் அவசரமாகத் தெரிகிறது. முழுப் பரிசோதனைக்குப் பிறகும் காரணம் கிடைக்காத மரணங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவற்றில் ஒரு பகுதி இதயத்தின் மின்னோட்டக் கோளாறு. அது உடலில் தடம் விடாது, ஆனால் குடும்பத்தில் தொடரும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஓடும்போதோ நீந்தும்போதோ மயக்கம் வந்ததா, வலிப்பு என்று சொல்லி மாத்திரை சாப்பிடுகிறார்களா, இளம் வயதில் திடீரென்று யாராவது இறந்தார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். பதில் எதுவானாலும் நீங்கள், மற்ற உடன்பிறந்தவர்கள், தம்பியின் பிள்ளைகள் எல்லோரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஒருமுறை ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தோட்டத்துக்கு இனி யார் காவலுக்குப் போனாலும் கட்டிலில் படுக்கட்டும், கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளட்டும். நடுராத்திரி காரணமில்லாமல் வயிறு வலித்து இமை கனத்தால் ஓமத்தண்ணி வேண்டாம், 108-ஐ அழைக்கட்டும்.