நுகரும் நுபுரும்

அன்புள்ள ஐயா,
வட ஜப்பானின் பழங்குடிகளான ஐனு மக்களின் மொழியில் 'கு நுகர் ஐனு' என்றால் 'நான் பார்த்த மனிதன்' என்று படித்தேன். நம்மைப் போலவே வினை முன்னால், பெயர் பின்னால்! 'நுகர்' தமிழ்ச்சொல்தானே? இரண்டும் ஒரே குடும்பமா? ஐனு படிக்க எங்கே தொடங்கலாம்?
ர.

அன்புள்ள ர.,

முதலில் திட்டிவிடுகிறேன். ஐனுவில் நுகர் என்றால் பார்ப்பது. தமிழில் வாயாலும் மூக்காலும் அனுபவிப்பது. ஒலி ஒத்துப்போனாலே உறவு என்றால் உலகத்தில் யார்தான் நமக்கு மாமன் மச்சான் இல்லை? பெயருக்கு முன்னால் எச்சம் வருவது ஜப்பானியத்திலும் கொரியத்திலும் துருக்கியத்திலும்கூட உண்டு. ஐனு தனிமொழி, எந்தக் குடும்பத்திலும் சேராதது. அதோடு விடுங்கள்.

நீங்கள் தாண்டிப்போன இடம்தான் ருசியானது. 'பார்த்தேன்' என்பதை நாம் 'பார்த்த' என்று உடைத்தால்தான் மனிதன் பக்கத்தில் உட்காரும். ஐனுவில் உடைக்கவே வேண்டாம். 'கு நுகர்' என்றால் நான் பார்த்தேன், முழு வாக்கியம். பின்னால் 'ஐனு' போட்டால் நான் பார்த்த மனிதன். பார்க்கிற மனிதனாகவும் இருக்கலாம், அங்கே வினையில் காலம் கிடையாது. 'சிசெ பொரோ', வீடு பெரியது. 'பொரோ சிசெ', பெரிய வீடு. பெரிதாக இருப்பதும் அவர்களுக்கு வினைதான்.

எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு மாங்காய்த் துண்டை எடுத்துக் காட்டி, "இது ஊறின காயா, ஊறுற காயா, ஊறப்போற காயா?" என்று கேட்டார். மூன்றும்தான் என்றேன். துண்டு எனக்குக் கிடைத்தது. ஊறுகாய் போலக் காலம் காட்டாமல் வினை பெயரோடு ஒட்டுவதற்கு வினைத்தொகை என்ற பெயர் அப்புறம்தான் வந்தது. ஐனு இலக்கணம் படித்தபோது நாக்கில் அந்தப் புளிப்பு. (உடனே உறவு என்று கிளம்பாதீர்கள்.)

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் நொபொரிபெட்சு என்று வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ஊர். ஐனுவில் அது 'நுபுர் பெத்', நிறம் அடர்ந்த ஆறு. கந்தக நீர் கலந்து வெளுத்துக் கலங்கி ஓடும். அந்த ஒலிக்கு ஜப்பானியர் போட்ட சீன எழுத்துகளின் பொருள் 'ஏறு', 'பிரி'. பெயர்ப்பலகையில் ஆறும் இல்லை, அடர்த்தியும் இல்லை. வாயால் சொன்னால் மட்டும் 'நுபுர்' என்ற அந்த வினை இன்னும் பெயரின் முன்னால் நிற்கிறது.

அந்த மண்ணில் 1903-இல் பிறந்த ஐனுப் பெண் சிரி யுகியே. ஐனுப் பாட்டுகள் 13-ஐ ஒரு பக்கம் ஐனுவிலும் எதிர்ப்பக்கம் ஜப்பானியத்திலும் எழுதி முடித்தாள். 1922-இல், 19 வயதில் இறந்தாள். புத்தகம் அடுத்த வருடம்தான் வந்தது. பெயர் 'ஐனு ஷின்யோஷூ', இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கே தொடங்கலாம் என்று கேட்டீர்களே, அங்கே. தமிழ்ச்சொல் தேடிக்கொண்டு போகாதீர்கள்.